பூரா

தை பிறக்க இன்னும் ஒன்பது நாள்.
களத்துக்கு லோடு வரவில்லை.
எடை மேடையைத் தார்ப்பாயால் மூடிவிட்டு
நாயைக் கூட்டிக்கொண்டு ஊதியூர் மலைக்குப் போனேன்.
மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து
முன்னங்கால்களை என் முழங்கால்மேல் போட்டுக்கொண்டு
காங்கயத்திலிருந்து வழியெல்லாம்
எதிர்க்காற்றைத் தின்றுகொண்டே வந்தது.

அதன் பெயர் பூரா.
பூரான் என்றுதான் முதலில் எல்லோருக்கும் காதில் விழுந்தது.
"நாய்க்குப் போயி எவனாச்சும் பூரான்னு பேரு வெப்பானா"
வாட்ச்மேன் சென்னியப்பன் ஒரு வாரம் சிரித்தார்.
பழுப்பு என்று அர்த்தமாம்.
தேங்காய் உடைக்கிற பிந்தேஷ்வர்
தன் சட்டைக்கையை, தேங்காய்த் தொட்டியை,
கடைசியில் நாயைத் தொட்டுக் காட்டி விளக்கினான்.

ஐப்பசியில் ஊருக்குப் போனவன்
பதினைந்து நாளில் வருவதாகச் சொல்லி
ஒரு சோடிச் செருப்பையும் நாயையும் விட்டுப் போனான்.
செருப்பை யாரோ போட்டுக்கொண்டார்கள்.

அடிவாரத்துக் கொறங்காட்டில்
கொழுக்கட்டைப் புல் காய்ந்து நின்றது.
கிளுவை வேலிக்குள் செம்மறிகள்.
பூரா ஒரு முறை பார்த்து
தனக்குச் சம்பந்தமில்லை என்று முடிவு செய்தது.
பனி என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.
புல்நுனியில் கொஞ்சம் ஈரம்,
படிக்கல்லில் கொஞ்சம் சில்லிப்பு,
அவ்வளவுதான் இந்த ஊர்க் குளிர்.
அதற்கே நான் குரங்குக் குல்லா போட்டிருந்தேன்.

கோயிலைத் தாண்டி ஒற்றையடிப் பாதை.
அங்கேதான் நிஜக் குரங்குகள்.
கயிறு கையை அறுத்துக்கொண்டு போயிற்று.
பாறைக்கு அந்தப் பக்கம் குரைப்பு,
பிறகு அதுவும் இல்லை.

வா என்றேன்.
இங்க வா. டேய். பிஸ்கட்டு.
வா கண்ணு, வா சாமி என்றுகூடச் சொன்னேன்
(வீட்டுக்காரரிடம் அப்படிப் பேசி வருசம் பத்தாகிறது).
மலை அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டது.

இரண்டு பக்கமும் ஆளில்லை என்று பார்த்துவிட்டு
அவனைப்போலவே, அடிவயிற்றிலிருந்து,
கடைசி எழுத்தை இழுத்து,
"ஆஜா பூரா, ஆஜா..."

கள்ளிகளுக்கு நடுவே ஒரு பழுப்புக் கோடு.
வந்தது. வந்த வேகத்தில்
என்னைக் கடந்து போயிற்று.
பாதை வளைகிற இடம்வரை ஓடி நின்று
கீழே பார்த்தது.
காதுகள் நிமிர்ந்தபடி
வெகு நேரம் பார்த்தது.
சம்பளச் சீட்டில்
அடுத்தவன் கையெழுத்தைப் போட்டவள்போல
நான் நின்றேன்.

அப்புறம் உச்சிப் பாறை.
இப்படித் தெளிந்த நாள் வருசத்தில் நாலைந்து வந்தால் அதிகம்.
தெற்கே பழனி மலைகள்,
மடித்து வைத்த நீலச் சேலைபோல் மடிப்பெண்ணலாம்.
தாராபுரம் பக்கம் காற்றாலைகள்
பாதிக்குப் பாதி சும்மா நின்றன.
வடக்கே சிவன்மலை, அப்பால் சென்னிமலை,
இடையெல்லாம் களங்கள்,
பருப்பு காய்கிற வெள்ளைச் சதுரங்கள்.
எங்கள் களம் மட்டும் வெறும் சிமெண்ட்டு நிறம்.
சென்னிமலைக்குப் பின்னாலும் வடக்கு இருந்தது.
அது இங்கிருந்து தெரியாது.

நாய் எந்தத் திசையையும் பார்க்கவில்லை.
வலது முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.
வெள்வேல முள்.
கொடு என்று கை நீட்டினேன். கொடுத்தது.
சேலை ஊக்கால் நெம்பி எடுக்கும்வரை
உறுமியது, கடிக்கவில்லை.

தயிர்ச் சோற்றை ஆளுக்குப் பாதி என்று
பிரித்து வைத்தேன்.
கை கழுவித் திரும்புவதற்குள்
பூரா பூராவையும் தின்றிருந்தது.

இறங்கும்போது கயிறு கட்டவில்லை.
"வா" என்றேன், என் பேச்சில், என் குரலில்,
ஒரே ஒரு தடவை.
நாலு அடி வைத்தேன்.
இன்னும் நாலு.
பின்னால் கல்லில் நகம் படும் சத்தம்,
மூன்று கால் சத்தமாக,
ஒரு கால் நொண்டி.